டெண்டர் திறந்ததோடு வேலை முடிந்துவிடாது: அரசுக் கட்டடம் கட்டும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் அரசு அலுவலகக் கட்டடங்களுக்கு எஸ்டிமேட் போட்டு, டெண்டர் விட்டு, பில் பாஸ் செய்யும் எல்லா அதிகாரிகளுக்கும், அவர்களுக்கு நிதி ஒதுக்கும் துறைச் செயலாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் சிவில் டிப்ளமோ படித்துவிட்டு ஒப்பந்ததாரர்களிடம் சைட் இன்ஜினியராக வேலை பார்ப்பவன். பார்த்த வேலைகளில் பெரும்பகுதி அரசுக் கட்டடங்கள்தான். மக்கள் மனுவோடு வந்து வரிசையில் நிற்கிற, பத்திரம் பதிகிற, சான்றிதழ் வாங்குகிற சாதாரண அலுவலகங்கள். செய்தித்தாளில் வருகிற பெரிய ஊழல்களைப் பற்றி எழுத எனக்குத் தகுதியும் இல்லை, ஆதாரமும் இல்லை. எனக்குத் தெரிந்தது சைட். அங்கே நின்று பார்க்கும்போது தெரிகிற ஒன்றைச் சொல்லவே இந்த மடல்: டெண்டர் திறக்கிற அந்த ஒரு நாளைக் காப்பதற்கு நீங்கள் செலவழிக்கிற கவனத்தில் பாதியையாவது, அதற்கு முன்னால் நடக்கிற எஸ்டிமேட்டுக்கும், அதற்குப் பின்னால் நடக்கிற அளவெடுப்புக்கும் கொடுங்கள். அந்த இரண்டு இடத்துக் காகிதங்களையும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியே வையுங்கள்.

டெண்டர் நாளுக்கு நல்ல சட்டம் இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது, விதிகள் 2000-இல் வந்தன. மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் டெண்டர் அறிவிதழ் வெளியிட வேண்டும், 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் என்றால் 30 நாள் அவகாசம் தர வேண்டும், அதைக் குறைப்பதென்றால் மேலதிகாரி காரணத்தை எழுதி வைத்து அனுமதிக்க வேண்டும் என்றெல்லாம் அந்த விதிகள் சொல்கின்றன. ஒரு காலத்தில் அலுவலக வாசலில் பெட்டி வைத்து டெண்டர் போடச் சொல்வார்கள், அந்தப் பெட்டியிடம் யார் போகலாம், யார் போகக்கூடாது என்பதை வாசலில் நிற்கிற ஆட்கள் முடிவு செய்வார்கள். இப்போது எல்லாம் இணையத்தில் போடுகிறோம். அது உண்மையாகவே பெரிய முன்னேற்றம். ஆனால் இந்தச் சட்டத்தின் கண் டெண்டரை ஏற்கிற கட்டம் வரைக்கும்தான் கூர்மையாக இருக்கிறது. ஒர்க் ஆர்டர் கையெழுத்தான மறுநாளிலிருந்து, அந்தக் கட்டடத்துக்குள் எத்தனை மூட்டை சிமென்ட் போனது, எந்த அளவைக் காட்டிப் பணம் வாங்கினார்கள் என்பது இரண்டு மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயமாகிவிடுகிறது.

முதலில் எஸ்டிமேட். கட்டடத்தின் தலையெழுத்து அங்கேதான் எழுதப்படுகிறது. நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது, அதற்குள் நிர்வாக ஒப்புதல் வாங்காவிட்டால் ஒதுக்கிய பணம் போய்விடும், அதனால் பழைய கட்டடம் ஒன்றின் வரைபடத்தை எடுத்து, சதுர அடிக் கணக்கில் ஒரு தொகை போட்டு அனுப்பிவிடுகிறார்கள். இடத்தை யாரும் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள். மண் பரிசோதனை ஒர்க் ஆர்டர் கொடுத்த பிறகு நடக்கும். களிமண் என்று அப்போதுதான் தெரியும். ஐந்தடி ஆழத்தில் போட வேண்டிய அஸ்திவாரத்தைப் பத்தடிக்குக் கொண்டுபோக வேண்டும், அல்லது பைல், அதாவது நிலத்துக்குள் ஆழமாக இறக்குகிற தூண், போட வேண்டும். எஸ்டிமேட்டில் அதற்குப் பணம் இல்லை. அப்புறம் என்ன நடக்கும்? அஸ்திவாரத்துக்குக் கூடின பணத்தை மேலே எங்கேயாவது குறைப்பார்கள். மொட்டை மாடியில் தண்ணீர் இறங்காமலிருக்கப் போட வேண்டிய தளப்பூச்சு குறையும், கழிப்பறைக் குழாயின் தரம் குறையும், மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளம் "அடுத்த கட்டத்தில்" என்று தள்ளிப்போகும். ஐந்து வருஷம் கழித்து அந்த அலுவலகத்துக்குப் போகிற ஆள், கூரை ஒழுகுவதைப் பார்த்து ஒப்பந்ததாரரைத் திட்டுவார். ஆனால் அந்த ஒழுகல் எஸ்டிமேட் போட்ட மேஜையில் தொடங்கியது.

இது இங்கே மட்டும் நடக்கிற விஷயமும் இல்லை. ஸ்காட்லாந்து நாடாளுமன்றக் கட்டடத்துக்கு 1997-இல் அரசு சொன்ன உத்தேசம் 1 கோடியிலிருந்து 4 கோடி பவுண்டு வரை. 2004-இல் திறந்தபோது செலவு 41 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது, மூன்று வருஷத் தாமதம் வேறு. அதைப் பற்றி ஸ்காட்லாந்தின் முன்னாள் தலைமை அரசு வழக்கறிஞர் (லார்ட் அட்வகேட்) ஒருவரின் தலைமையில் நடந்த விசாரணை அறிக்கையைப் படித்தால், வடிவமைப்பு முடிவதற்குள் கட்டத் தொடங்கியதும், செலவு யார் தலையில் விழும் என்பது தெளிவில்லாத ஒப்பந்த முறையைத் தேர்ந்தெடுத்ததும் பெரிய காரணங்களாகத் தெரியவரும். நம் ஊரில் ஓமந்தூரார் தோட்டத்துப் புதிய தலைமைச் செயலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 மார்ச் 13 அன்று பிரதமர் வந்து திறந்தபோது மேலே குவிமாடம் முடிந்திருக்கவில்லை, விழாவுக்காகத் தற்காலிகமாக ஒன்றைச் செய்து வைத்தார்கள். 2014-இல் அதே கட்டடம் பல்நோக்கு மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. அரசியல் யார் பக்கம் என்பதற்குள் நான் போகவில்லை. தலைமைச் செயலகத்துக்கு என்று வரைந்த கட்டடத்தை ஆபரேஷன் தியேட்டரும் வார்டுமாக மாற்றுவது என்றால், அதற்கு எத்தனை சுவரை இடிக்க வேண்டும், எத்தனை குழாயை மாற்ற வேண்டும் என்பது கட்டடத் தொழிலில் இருக்கிற எவருக்கும் தெரியும். திறப்பு விழாத் தேதியை முதலில் முடிவு செய்துவிட்டு வேலையை அதற்குள் திணிக்கிற பழக்கம் பெரிய கட்டடத்தில் வெளியே தெரிகிறது, சின்ன அலுவலகங்களில் தெரியாமலே போகிறது.

எனவே என் முதல் வேண்டுகோள்: மண் பரிசோதனை அறிக்கையும், முடிந்த வரைபடமும், கட்டுமான வடிவமைப்பும் கையில் இல்லாமல் எந்தக் கட்டடத்துக்கும் டெண்டர் விடாதீர்கள். அந்த அலுவலகத்தில் வேலை செய்யப்போகிறவர்களிடம் ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். ஆவண அறைக்கு எவ்வளவு எடை வரும், மக்கள் எங்கே காத்திருப்பார்கள், சர்வர் அறைக்கு மின்சாரம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேளுங்கள். இதெல்லாம் கட்டும்போது தெரியவந்தால் எக்ஸ்ட்ரா ஐட்டமாக மாறும். எக்ஸ்ட்ரா ஐட்டத்துக்கு டெண்டர் போட்டி கிடையாது, கட்டிக்கொண்டிருக்கிறவரே விலை சொல்வார்.

அடுத்தது, குறைந்த விலை. இதைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம், ஆனால் கணக்குப் போட்டுப் பேசுவதில்லை. அரசு எஸ்டிமேட் விலை விகிதப் பட்டியலை வைத்துப் போடப்படுகிறது. அதில் ஒப்பந்ததாரரின் லாபமும் சேர்ந்தே இருக்கிறது. ஒருவர் எஸ்டிமேட்டுக்கு 5 சதவீதம் மைனஸில் எடுத்தால் புரிந்துகொள்ளலாம், சொந்தமாக சென்ட்ரிங் பலகை, மிக்ஸர் வைத்திருப்பார், மொத்தமாகக் கம்பி வாங்குவார். 20 சதவீதம், 25 சதவீதம் மைனஸில் எடுக்கிறார் என்றால் இரண்டில் ஒன்றுதான் உண்மை. எஸ்டிமேட் வீங்கியிருக்க வேண்டும், அல்லது கட்டடம் மெலியப்போகிறது. இரண்டுமே விசாரிக்க வேண்டிய விஷயம். ஆனால் நடைமுறையில் என்ன செய்கிறோம்? அவ்வளவு குறைத்துக் கேட்டால் கூடுதல் காப்புத்தொகை கட்டச் சொல்கிறோம். அதோடு அரசின் கவலை தீர்ந்துவிடுகிறது. காப்புத்தொகை வங்கியில் இருக்கும். பீமுக்குள் இருக்க வேண்டிய கம்பி பீமுக்குள் இருக்குமா என்பதற்கு அது பதில் சொல்லாது.

விலையோடு தரத்துக்கும் மதிப்பெண் போடலாம் என்று மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. குறிப்பிட்ட வகை வேலைகளுக்கு, விலை தவிர்த்த அம்சங்களுக்கு 30 சதவீதம் வரை மதிப்பு தரலாம் என்றது. மத்திய அரசு வேலைகளுக்கான ஏற்பாடு அது. இங்கேயும் அப்படிக் கொண்டுவரலாமே என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்குத் தயக்கம் இருக்கிறது. மதிப்பெண் போடுவது ஒரு குழு, அந்தக் குழுவுக்கு யாரைப் பிடிக்கிறதோ அவருக்கு ஐந்து மதிப்பெண் கூட விழுந்தால் யாராலும் நிரூபிக்க முடியாது. சாதாரண அலுவலகக் கட்டடத்துக்கு அது தேவையும் இல்லை. ஐரோப்பிய நாடுகளில் 2014-இல் வந்த கொள்முதல் விதியில் எனக்குப் பிடித்த ஒரு ஏற்பாடு உண்டு: வழக்கத்துக்கு மாறாகக் குறைந்த விலை வந்தால், அதை ஏற்பதற்கு முன்னால் "இந்த விலைக்கு எப்படிச் செய்வாய்" என்று அதிகாரி விளக்கம் கேட்டே ஆக வேண்டும். அதைச் செய்யுங்கள். கான்கிரீட், கம்பி, செங்கல், பூச்சு என்ற நான்கு பெரிய ஐட்டங்களுக்கு மட்டும் விலைப் பிரிவு கேளுங்கள். ஒரு கனமீட்டர் கான்கிரீட்டுக்கு எவ்வளவு சிமென்ட், எந்த மணல், எந்தக் கூலி என்று எழுதிக் கொடுக்கட்டும். எழுதிக் கொடுத்ததை ஒப்பந்தத்தோடு சேர்த்து வெளியிடுங்கள். உண்மையாகவே சிக்கனமாகச் செய்யத் தெரிந்தவருக்கு அதை எழுதிக் கொடுப்பதில் கஷ்டம் இருக்காது.

டெண்டர் நிபந்தனைகளைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். டெண்டர் போடுவதற்கு முன் பணியிடத்தைப் பார்வையிட்டதாக அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்ற நிபந்தனை எந்த அறிவிப்பில் இருந்தாலும் தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். யார் யார் போட்டியிடப்போகிறார்கள் என்பது டெண்டர் திறக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காகத்தானே இணையத்துக்கு வந்தோம்? கையெழுத்துக்காக அலுவலகத்துக்கு வந்த அன்றே அந்தப் பெயர் வெளியே போய்விடும். அதன் பிறகு அவருக்கு ஒரு போன் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? போட்டியாளர்கள் கூடிப் பேசி விலை வைப்பது போட்டிச் சட்டம் 2002-இன்படி தண்டனைக்குரியது. ஆனால் கூடிப் பேசுவதற்கான பெயர்ப் பட்டியலை அரசே தயாரித்துக் கொடுக்கக்கூடாது.

இனி சைட்டுக்கு வருகிறேன், எனக்குச் சொல்ல நிறைய இருப்பது இங்கேதான்.

கான்கிரீட் போடுகிற அன்று எடுக்கிற கியூப் பற்றி உங்களுக்கெல்லாம் தெரியும், படிக்கிற பொதுமக்களுக்காக விளக்குகிறேன். கூரைத் தளத்துக்குப் போடுகிற அதே கலவையை எடுத்து, ஒவ்வொரு பக்கமும் 150 மில்லிமீட்டர் உள்ள இரும்பு அச்சில் நிரப்பி, மறுநாள் பிரித்துத் தண்ணீரில் போட்டு வைத்து, 28-ஆம் நாள் இயந்திரத்தில் வைத்து உடைத்துப் பார்ப்பார்கள். எத்தனை கியூப் எடுக்க வேண்டும் என்பதற்கு கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456-இல் தெளிவான கணக்கு உண்டு. ஒரு நாளில் 31 முதல் 50 கனமீட்டர் கான்கிரீட் போட்டால் 4 மாதிரி, ஒரு மாதிரிக்கு 3 கியூப், ஆக 12 கியூப். நடுத்தர அளவு அலுவலகம் ஒன்றின் ஒரு மாடிக் கூரைக்கு ஏறக்குறைய இவ்வளவுதான் ஆகும். இந்த 12 கியூபும் கூரைக்குப் போன கலவையிலிருந்து எடுக்கப்பட்டதா, அல்லது தனியாகச் சிமென்ட் கூட்டிக் கலந்து எடுத்ததா என்பதுதான் கேள்வி. நான் வேலை பார்த்த ஒரு அரசுக் கட்டடத்தில், கூரைக் கான்கிரீட் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒரு தகரத்தில் இன்னொரு கலவை தயாரானது. கியூப் அச்சு அந்தத் தகரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எந்தத் துறைக் கட்டடம், யார் ஒப்பந்ததாரர் என்பது இந்த மடலுக்குத் தேவையில்லை. அந்தக் கியூப் எல்லாம் பிரமாதமாகப் பாஸ் ஆயின. அந்த முடிவு ஃபைலில் இருக்கிறது, அந்தக் கூரையின் கீழே இன்றைக்கும் ஆட்கள் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள்.

இதைத் தடுக்கப் புதுச் சட்டம் வேண்டாம். கியூப் எடுக்கும்போது அச்சின் மேல் தேதியும் இடமும் எழுதி, கலவை வண்டியோடு சேர்த்து ஒரு படம் எடுத்து, அன்றே இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று ஒரு வரி போதும். கூடவே, எந்தக் கட்டடத்திலும் சொல்லாமல் வந்து இரண்டு மூன்று இடத்தில் கோர், அதாவது இறுகிய கான்கிரீட்டைத் துளைத்து ஒரு உருளைத் துண்டு, எடுத்துப் பார்ப்போம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கோர் எடுத்தால் சராசரி வலிமை குறிப்பிட்டதில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும், தனித்தனியாக எதுவும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்று அதே தரநிலை சொல்கிறது. எல்லாக் கட்டடத்திலும் எடுக்க வேண்டியதில்லை. எதில் எடுப்பார்கள் என்று தெரியாமல் இருந்தாலே தகரம் சைட்டை விட்டுப் போய்விடும்.

கியூரிங் இன்னும் மோசம். தண்ணீர் ஊற்றுவது செலவுக் கணக்கில் பெரிதாகத் தெரியாத வேலை, அதனால் முதலில் வெட்டப்படுகிறது. கூரை போட்ட மறுநாள் சிமென்ட் கலவையால் பாத்தி கட்டி, தண்ணீர் நிறுத்தி, காயவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போது பெரும்பாலும் சாம்பல் கலந்த சிமென்ட்தான் வருகிறது. அதற்கு, நம்முடைய மாதிரி வெயில் அடிக்கிற ஊரில் 14 நாளாவது ஈரம் இருக்க வேண்டும். எத்தனை சைட்டில் 14 நாள் தண்ணீர் நிற்கிறது? நான்காவது நாள் பாத்தி வறண்டு வெடித்துக் கிடக்கும், ஒரு வாரத்தில் அதன் மேல் செங்கல் ஏற்றியிருப்பார்கள். தண்ணீர் லாரிக்குப் பணம் கொடுக்க வேண்டியவர், ஒப்பந்ததாரரிடம் வேலையை வாங்கிய சப்-கான்ட்ராக்டரிடமிருந்து கூலிக்கு எடுத்த மேஸ்திரி. கைமாறக் கைமாற ஒவ்வொருவரும் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே அனுப்ப, கடைசியில் நிற்கிறவரிடம் தண்ணீருக்குப் பணம் இருக்காது. டெண்டரில் ஜெயித்தவர் பெயர் பலகையில் இருக்கும், அவரை சைட்டில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வேலையை யாருக்கு உள்குத்தகை விட்டிருக்கிறார் என்பதை எழுத்தில் வாங்கி, அந்தப் பெயரையும் பலகையில் போடச் சொல்லுங்கள்.

2021 ஆகஸ்ட்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் நினைவிருக்கும். குடிவந்த மக்கள் கையால் தொட்டுக் காட்ட, சுவர்ப் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது தொலைக்காட்சியில் வந்தது. ஐ.ஐ.டி. நிபுணர்களை வைத்து ஆய்வு நடந்தது, இரண்டு பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அந்தப் பூச்சு ஒரே நாளில் போட்டதில்லை. மாடி மாடியாக, மாதக்கணக்கில் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு மாடிக்கும் அளவெடுத்து, பில் போட்டு, பணம் போயிருக்கும். அந்த மாதங்களில் எந்த ஒரு நாளிலாவது, அங்கே குடிவரப்போகிற ஒருவர் உள்ளே போய்ச் சுவரைத் தொட்டுப் பார்க்க வழி இருந்திருந்தால், விஷயம் தொலைக்காட்சிக்கு வந்திருக்காது.

அதனால்தான் எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அளவுப் புத்தகம் என்பது சாதாரண நோட்டு இல்லை. பக்க எண் போட்டது, கிழிக்கக்கூடாது, அடித்துத் திருத்தினால் கையெழுத்து வேண்டும், ஏ.இ. (உதவிப் பொறியாளர்) எழுதியதை மேலே இருப்பவர் சரிபார்க்க வேண்டும். அரசுப் பணம் ஒரு ரூபாய் வெளியே போனாலும் அந்தப் புத்தகத்தின் ஒரு பக்கம்தான் அதற்குச் சாட்சி. அஸ்திவாரத்தை மூடுவதற்கு முன்னால் ஆழம் எவ்வளவு, கான்கிரீட் போடுவதற்கு முன்னால் எந்தக் கம்பி எத்தனை, எவ்வளவு இடைவெளி என்று அதில் எழுதப்பட்டிருக்கும். மூடின பிறகு அதைக் கண்ணால் பார்க்கவே முடியாது. இத்தனை முக்கியமான புத்தகம் பீரோவுக்குள் இருக்கிறது. அதை ஸ்கேன் செய்து, வேலை நடக்கும்போதே பகுதி பகுதியாகப் போடுகிற ஒவ்வொரு ரன்னிங் பில்லோடும் டெண்டர் வெளியிட்ட அதே தளத்தில் ஏற்றுங்கள். மூடிப்போகிற வேலைக்கு அளவோடு படமும் சேருங்கள். கம்பிக்குக் கீழே, அதைச் சரியான உயரத்தில் தாங்குகிற கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா, அல்லது கருங்கல் ஜல்லியை முட்டுக்கொடுத்திருக்கிறார்களா என்பது ஒரே படத்தில் தெரிந்துவிடும்.

இப்படி வெளியிட்டால் நிர்வாகம் நடத்த முடியாது என்று சொல்வீர்கள். ஸ்லோவாக்கியா என்ற சின்ன நாட்டில் 2011 முதல், அரசு ஒப்பந்தம் இணையத்தில் வெளியான பிறகுதான் செல்லுபடியாகும் என்று சட்டம் இருக்கிறது. அங்கேயும் கட்டடம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நம் சட்டமும் ஏற்கெனவே அதற்குப் பாதி தூரம் வந்திருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 2(ஜெ)-யை எடுத்துப் பாருங்கள். தகவல் பெறுவது என்றால் காகிதம் வாங்குவது மட்டும் இல்லை, நடந்துகொண்டிருக்கிற வேலையைப் பார்வையிடுவதும், பயன்படுத்துகிற பொருளின் சான்றளித்த மாதிரியை எடுத்துக்கொள்வதும் குடிமக்களின் உரிமை என்று அதில் எழுதியிருக்கிறது. எம்-சாண்ட் என்று பில் போட்டுவிட்டு கிரஷர் தூசியைக் கொட்டியிருந்தால், ஒரு சாதாரண ஆள் மனு போட்டு அதில் ஒரு பை மாதிரி கேட்கலாம். பலருக்கு இது தெரியாது. தெரிந்து மனு போடுகிறவரை ஏதோ மிரட்டல்காரர் மாதிரிப் பார்க்கிற அலுவலகங்களும் உண்டு. அந்த மாதிரி ஆட்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் நீங்களே முன்கூட்டி வெளியிட்டுவிட்டால், மிரட்டிப் பிழைக்கிறவர்களுக்கு வேலை இல்லாமல் போகும்.

ஒப்பந்ததாரர்களின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் இந்த மடல் நேர்மையாக இருக்காது. வேலை முடித்து பில் போட்டு ஆறு மாதம், சில சமயம் ஒரு வருஷம் காத்திருக்கிறார்கள். வட்டிக்கு வாங்கிக் கூலி கொடுக்கிறார்கள். 2022 ஜூலை 18 முதல் அரசுக் கட்டுமானப் பணிகளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது, அதற்கு முன் விலை வைத்து நடந்துகொண்டிருந்த வேலைகளில் அந்தக் கூடுதல் வரியை யார் ஏற்பது என்று எத்தனை பேர் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். கம்பி விலை ஏறினால், எண்ணெய் விலை ஏறினால், நியாயமான சரிக்கட்டல் ஒப்பந்தத்தில் இருந்தால்தான் நேர்மையாகச் செய்ய நினைக்கிறவர் டெண்டர் போட வருவார். பணம் எப்போது வரும் என்று தெரியாத தொழிலில் யார் தாக்குப்பிடிப்பார்? கையில் நிறையப் பணம் உள்ளவரும், பணத்தை எப்படி வரவழைப்பது என்று தெரிந்தவரும்தான். மற்றவர்கள் ஒன்றிரண்டு வேலையோடு "போதும் சாமி" என்று தனியார் பக்கம் போய்விடுகிறார்கள். பிறகு மூன்று பேர் மட்டும் டெண்டர் போடுகிறார்கள் என்று நீங்கள் வருத்தப்பட்டு என்ன பயன்? எம்-புக் பதிவான நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் பணம், தாண்டினால் வட்டி என்று எழுதுங்கள். எந்த பில் எந்த மேஜையில் எத்தனை நாளாக இருக்கிறது என்பதையும் அதே தளத்தில் காட்டுங்கள். தரத்தைக் கறாராகக் கேட்கிற உரிமை, பணத்தை நேரத்துக்குக் கொடுக்கிறவருக்குத்தான் முழுசாக இருக்கும்.

தாமதத்தின் கடைசிச் சுமை தொழிலாளி மேல்தான் விழுகிறது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதிக்குப் பிடிக்கிறீர்கள். அந்தக் கட்டடத்திலேயே வேலை பார்க்கிற கம்பி கட்டுபவரும் சித்தாளும் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று பில் பாஸ் செய்யும்போது ஒருமுறை கேட்டால் என்ன? வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் பதிவில்லாமல், சைட்டிலேயே தகரக் கொட்டகையில் கிடக்கிறார்கள்.

குறைபாட்டுப் பொறுப்புக் காலம் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டடத்தை ஒப்படைத்த பிறகு இத்தனை காலத்துக்குள் வருகிற குறையை ஒப்பந்ததாரரே சரிசெய்து தர வேண்டும் என்பது எல்லா ஒப்பந்தத்திலும் உண்டு. அந்த அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு அது எந்தத் தேதி வரை என்று தெரியாது, யாரிடம் சொல்வது என்றும் தெரியாது. சுவர் ஓதம் அடிக்கிறது, கதவு மூடவில்லை, கழிப்பறைத் தண்ணீர் கீழ்மாடிக் கூரையில் இறங்குகிறது என்று அவர்கள் வாளி வைத்துச் சமாளித்துக்கொண்டிருக்கும்போதே தேதி முடிந்து, டெபாசிட் திரும்பப் போய்விடும். பிறகு பராமரிப்பு என்று இன்னொரு டெண்டர். அலுவலக வாசலில், திறந்துவைத்தவர் பெயர் பொறித்த கல்வெட்டுக்குப் பக்கத்திலேயே, கட்டியவர் பெயரும் பொறுப்புக் காலம் முடிகிற தேதியும் எழுதி வையுங்கள். டெபாசிட்டைத் திருப்பித் தருவதற்கு முன், கட்டடத்தைப் பயன்படுத்துகிற அலுவலகத்தின் தலைமை அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும் என்று வையுங்கள். ஒரு மழைக்காலமாவது கூரை நனைந்து பார்த்த பிறகு அந்தக் கையெழுத்து விழட்டும்.

கடைசியாக உங்கள் துறைகளின் இளைய பொறியாளர்களைப் பற்றி. ஏ.இ.க்கள் பலர் படித்தவர்கள், நல்லபடியாகக் கட்ட வேண்டும் என்று நினைக்கிறவர்கள். அவர்களோடு சைட்டில் நின்றிருக்கிறேன். ஒருவர் தலையில் ஏழெட்டு வேலைகள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நாற்பது கிலோமீட்டர், சொந்த பைக்கில் போக வேண்டும், நடுவில் ஆய்வுக் கூட்டம், புள்ளிவிவரம் கேட்டு போன். கான்கிரீட் போடுகிற அன்று மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் அவர் எப்படி நிற்பார்? தப்பு நடந்தால் முதலில் பணியிடை நீக்கம் ஆகிறவரும் அவர்தான். கலவை சரியில்லை, நிறுத்து என்று அவர் சொன்னால், அரைமணி நேரத்தில் மேலேயிருந்து "போடச் சொல்லுப்பா, பார்த்துக்கலாம்" என்று போன் வரும். அந்தப் போனுக்கு எந்தப் பதிவும் இருக்காது, எம்-புக்கில் கையெழுத்து மட்டும் அவருடையது.

ஏ.இ. எழுத்தில் நிறுத்திய வேலையைத் தொடரச் சொல்ல விரும்புகிற மேலதிகாரி, அதையும் எழுத்தில், காரணத்தோடு, தன் கையெழுத்தில் சைட் பதிவேட்டில் கொடுக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள். நான் கேட்ட மற்றதற்கெல்லாம் ஆளும் பணமும் காலமும் கொஞ்சம் வேண்டும். இதற்கு ஒரு பக்கக் காகிதம் போதும், இந்த வாரமே செய்யலாம்.

நன்றி.

இப்படிக்கு,
ஒரு சைட் இன்ஜினியர்